கத்திகளைத் துடைத்துத் தந்த ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

இங்கே ஷெஃபீல்டில் எங்கள் கத்திப் பட்டறைப் பக்கம் தீப்பிடித்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பட்டறையில் புகைமணம் இன்னும் போகவில்லை, என் வீட்டுக்காரர் நேற்றுத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஆனாலும் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதலில் அந்த ஐயாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நெருப்பு பக்கத்து அறையோடு நின்றது. எங்களைக் கெடுத்தது அதை அணைக்க அடித்த தண்ணீர். பிரிட்டிஷ் கடற்படை விருந்து ஒன்றுக்காக இவர் செய்து வைத்திருந்த மடக்குக் கத்திகள் எல்லாமே கார்பன் எஃகு. அதில் ஒரு இரவு ஈரம் நின்றால் போதும், காலையில் துரு பூத்துவிடும். மடிப்புக்குள் தண்ணீர் நின்றாலோ வெளியே தெரியாமலே அரிக்கும். இவர் காப்புறுதிக்காரருடன் தொலைபேசியில் நின்றார். நான் கத்தித் தட்டுகளை முற்றத்துக்கு இழுத்துவந்து வைத்துவிட்டு, எதில் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போதுதான் அவர் வந்தார். கத்திகளுக்குச் சொல்லிவைத்தவர்களில் ஒருவர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். விருந்துக்குக் கத்தி கிடைக்குமா என்று கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டைக் கழற்றினார், பழைய பருத்தித் துணியும் எண்ணெயும் இருக்கிறதா என்றார், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொரு கத்தியாகத் திறந்து, அலகை முதுகுப் பக்கத்திலிருந்து துடைத்தார். தீக்குச்சியில் துணி சுற்றி, மடிப்புக்குள் விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்தார். மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திறந்து மூடி, அந்த ‘டக்’ சத்தம் சரியாக வரும்வரை காதருகே வைத்துக் கேட்டார். உப்புக்காற்றில் வேலை செய்தவருக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இருட்டிய பிறகும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். தேநீர் மட்டும்தான் குடித்தார்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இந்த ஷெஃபீல்ட் கத்தி செய்கிற ஊர். இங்கே கத்தி செய்வோரின் சங்கமான கட்லர்ஸ் கம்பெனி 1624இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. இந்த ஊரின் பெயரைத் தாங்கும் கப்பல்களோடு அதற்கு நீண்ட காலச் சொந்தம் உண்டு. 1936இல் முதலாவது எச்எம்எஸ் ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கடலில் இறங்கியபோது, வழக்கமாகப் பித்தளையில் வரும் பொருத்துகளில் பலவற்றை இந்த ஊரின் ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்தார்கள். மாலுமிகள் அதை ‘ஷைனி ஷெஃப்’, அதாவது பளபளக்கும் ஷெஃப், என்றே கூப்பிட்டார்கள். இரண்டாவது கப்பல் 1982இல் ஃபாக்லண்ட் போரில் 20 உயிர்களோடு போனது. ஐயா வேலை பார்த்தது மூன்றாவதில். அதையும் 2003இல் சிலிக்கு விற்றுவிட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்துக் கரையில் வளர்ந்தவள். கடற்படைச் சீருடையைக் கண்டால் எங்கள் வீட்டில் கதவைச் சாத்துவார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும், நினைவுநாள் அணிவகுப்பில் அந்த நீலநிறம் தெரிந்தால் எனக்குக் கை குளிரும். இவர் அவர்களுக்குக் கத்தி செய்யச் சம்மதித்தபோதும் எனக்கு முழுமனம் இல்லை. வேறு நாட்டுப் படை, வேறு ஆட்கள் என்று புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. என் முற்றத்தில் ஒரு கடற்படைக்காரர் முழங்காலில் துணியை விரித்துக்கொண்டு என் வீட்டுக்காரரின் வேலையைக் காப்பாற்றியதை என் அம்மாவிடம் சொன்னேன். அவ நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, அவருக்குச் சாப்பாடு கொடுத்தியா என்று கேட்டா.

அடுத்த கிழமை அவர் எங்களை அந்தச் சங்கத்தின் மண்டபமான கட்லர்ஸ் ஹாலுக்கு எதிரே இருக்கும் பேராலயத்துக்குக் கூட்டிப்போனார். முதலாவது ஷெஃபீல்ட் கப்பலின் மணி அங்கேதான் இருக்கிறது. யார்க் அண்ட் லங்காஸ்டர் படைப்பிரிவின் சிற்றாலயத்தில் வாள்களாலும் துப்பாக்கி முனைக் கத்திகளாலும் செய்த ஒரு தடுப்பு உண்டு. அதில் வாள்களின் நுனி மேலே பார்க்கும், துப்பாக்கிக் கத்திகளின் நுனி கீழே. இவர் அலகுகளை ஆராய்ந்துகொண்டு நின்றார். அப்பா, அண்ணன்மார் இப்படி இறக்கி வைத்த ஆயுதத்தைப் பார்க்காமலே போனார்களே என்று எனக்குத் தோன்றியது. ஐயா எதுவும் கேட்காமல் பக்கத்தில் நின்றார்.

கூலி என்று எதையும் அவர் வாங்கவில்லை. காப்பாற்றிய கத்திகளில் ஒன்றை இவர் கொடுத்தார். கத்தியை இனாமாக வாங்கினால் நட்பு அறுந்துவிடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை, அதனால் உடனே ஒரு பென்னியை எடுத்து இவர் கையில் வைத்தார். அந்தப் பென்னி எங்கள் சாமித்தட்டில் இருக்கிறது.

அப்புறம் மற்றவர்கள். தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், கூரைத் தார்ப்பாய் கொண்டுவந்த தம்பிமார், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காத அக்காமார், தன் பட்டறையில் ஒரு சாணைச் சக்கரத்தை இவருக்கு விட்டுத்தந்த கிழவர், கடையில் உண்டியல் வைத்த அண்ணை, ஊரிலிருந்து நேர்த்தி வைத்த சித்தி. பெயர் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன். உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாலாவது ஷெஃபீல்ட்டை கிளாஸ்கோவில் கட்டுகிறார்கள். அது கடலுக்குப் போகும்போது அதன் சமையலறைக்கு ஒரு கத்தி இவர் கையால் போக வேண்டும். கைப்பிடியை நான் தேய்ப்பேன். இவரும் சம்மதித்துவிட்டார், ஐயாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை எங்கள் மகள் அவருக்கு வாசித்துக் காட்டும்போது அறிந்துகொள்ளட்டும்.