அழுங்கு நடந்துவிட்டது: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஜூ டைக்கூன் என்ற மிருகக்காட்சிசாலை கேமுக்காக நான் செய்த அழுங்கு (உடலெங்கும் செதில் போர்த்திய, எறும்பும் கறையானும் தின்னும் விலங்கு) நடந்துவிட்டது. வேலிக்குள் நாலு கட்டம் நடக்கிறது, நின்று மோப்பம் பிடிக்கிறது, பார்வையாளர் யாரையும் சட்டை செய்யாமல் சுருண்டு படுத்துக்கொள்கிறது. பக்கத்திலேயே ஒரு கறையான் புற்று. இந்த இரண்டையும் செய்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் பாதி உழைப்பு உங்களுடையது.

ஜூ டைக்கூன் 2001இல் வந்த கேம். உருவாக்கிய புளூ ஃபாங் நிறுவனமே 2011இல் மூடப்பட்டுவிட்டது. அதற்கு இன்று மோட் செய்பவன், அதாவது கேமில் இல்லாததைத் தானே செய்து சேர்ப்பவன், சந்தேகம் வந்தால் உங்களைப் போன்றவர்களிடம்தான் வந்து நிற்க வேண்டும். நான் நின்றேன், அதுவும் பல நாள் நள்ளிரவில்.

முதல் நன்றி ஜிப் சிக்கலைத் தீர்த்தவருக்கு. கேமில் புதிய விலங்கைச் சேர்க்க உதவும் இசட்.டி.டி. பைல் என்பது பெயர் மாற்றிய ஜிப்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவற்றை மட்டும் சுருக்காமல் வெளி ஃபோல்டரையும் சேர்த்துச் சுருக்கியிருந்தேன். எல்லாமே ஓர் அடுக்கு கீழே போய்விட்டதால் கேமின் கண்ணில் படவில்லை. பிழைச் செய்தி என்று ஒன்றும் வராது. பட்டியலில் விலங்கு இருக்காது, அவ்வளவுதான். மூன்று வாரம் படங்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரே வரியில் விடை சொல்லிவிட்டு, "எல்லாருக்கும் நடப்பதுதான்" என்றும் சேர்த்தீர்கள். பொய்யாகவே இருந்தாலும் அதற்கும் நன்றி.

அடுத்தவருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சேர வேண்டும். இந்த கேமில் விலங்கு என்பது முப்பரிமாண உருவம் இல்லை, அடுக்கடுக்கான படங்கள். வடக்கு, வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு என ஐந்து திசைக்குப் படம் கொடுத்தால் மற்ற மூன்றையும் கேமே கண்ணாடிபோலத் திருப்பிக்கொள்ளும். (இடது காதில் ஒரு கிழிசல் வைத்திருந்தேன். திரும்பி நடந்ததும் அது வலது காதுக்குப் போனது. கிழிசலை எடுத்துவிட்டேன்.) ஏற்கனவே கேமில் இருந்த, செதில் இல்லாத தென் அமெரிக்க எறும்புண்ணியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதைப்போலவே நாலு காலில் நடக்கவிட்டு, ஐந்து திசையையும் முடித்து, பெருமையாக அனுப்பினேன். "அழகு. ஆனால் ஆப்பிரிக்கத் தரை அழுங்கு பெரும்பாலும் பின்னங்காலில்தான் நடக்கும்" என்று பதில் வந்தது. முன்னங்கால்களை மடித்து, வாலை நீட்டிச் சமன் செய்தபடி ஏதோ யோசித்துக்கொண்டே போகிறவர்போல நடக்குமாம். அன்று உங்களுக்குப் பதில்கூடப் போடவில்லை. கோபம். இரண்டு நாள் கழித்து அசல் நடையை வீடியோவில் பார்த்தேன். ஐந்து திசையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது விளையாடுகிறவர்கள் முதலில் சிரிப்பதே அந்த நடையைப் பார்த்துத்தான்.

செதில்களைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடியதே, அதற்குக் காரணம் கண்டுபிடித்தவரை எப்படி மறப்பது? ஓரத்தை மழமழப்பாக்கும் வசதியை அணைக்காமல் விட்டிருந்தேன். பின்னணி நிறம் ஓரத்துப் பிக்சல்களோடு கலந்துவிட்டது. கேம் பின்னணி நிறத்தை மட்டும்தான் மறைக்கும், கலந்துபோனதை மறைக்காது. 256 நிறத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் செதிலின் பழுப்பை எங்கே குறைப்பது என்றும் நீங்களே உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தீர்கள்.

புற்று அவ்வளவு படுத்தவில்லை. நாலு பக்கமும் படம், ஒரு கட்ட இடம், முடிந்தது. முதலில் அது யானை உயரத்துக்கு நின்றதைச் சொன்னவருக்கும் நன்றி.

அப்புறம், தங்கள் மிருகக்காட்சிசாலையையே சோதனைக்குத் தந்தவர்கள். புல், மண், மணல் எந்த அளவில் இருந்தால் அழுங்கு நிம்மதியாக இருக்கும் என்ற எண்களை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருந்தேன். நீங்களும் சளைக்காமல் தரையைக் கொத்திப் போட்டீர்கள்.

உங்கள் பெயர்களை நீங்கள் சொன்னபடியே விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றவர் அங்கே "புற்றுக்காரர்" என்று இருக்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. அழுங்குக் குட்டி தாயின் வால்மேல் ஏறிச் சவாரி செய்யும். கேமில் தாயும் குட்டியும் தனித்தனி விலங்குகள், அது நடக்காது என்று நான் சொல்லிவிட்டேன். நேற்று புற்றுக்காரரிடமிருந்து ஒரு ஜிப் வந்திருக்கிறது. பெயர் "வால்". இன்னும் திறக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் அழுங்குக்காரன்