வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள்

மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கு,
திருநெல்வேலி.

வணக்கம்.

சித்திரைக் கொடை முடிந்தால் எங்கள் பக்கம் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்ற பேச்சுதான். மானூர் வட்டாரத்தில் எங்கள் ஊரைச் சுற்றி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் இருக்கிறது, உதவி பெறும் மிஷன் பள்ளியும் இருக்கிறது. பாடப்புத்தகம் ஒன்றுதான். காலை உணவு அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் 2023 ஆகஸ்டில் வந்தது. கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில். அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுக்க? சுவரில் அடித்த பெயிண்டை வைத்தும், மதினி சொன்னதை வைத்தும்தான் முடிவெடுக்கிறோம்.

ஆசிரியர் கணக்கைக் கேட்டால் ஒரு விகிதம் சொல்வார்கள். அதில்தான் ஏமாற்றம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று. 24 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு. தாளில் பார்த்தால் பாளையங்கோட்டை கான்வென்டில்கூடக் கிடைக்காத கவனிப்பு. ஆனால் வகுப்பு ஐந்து அல்லவா?

நான் போன அன்று ஓர் ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இருந்த ஒரு டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு அட்டையில் 'ட'வைக் காட்டிக்கொண்டே, நாலாம் வகுப்பின் வகுத்தல் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். மீதியைத் தப்பாக எழுதிய ஒரு பிள்ளை நோட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. டீச்சர் அங்கே வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. "நல்லாத்தான் சொல்லிக்குடுக்காவ, ஒரு ஆளு எத்தன கிளாஸப் பாப்பாவ?" என்றார் சத்துணவு அக்கா. டீச்சரைக் குறை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. 90 பிள்ளைகளுக்கு மூன்று பேர் உள்ள பள்ளி விகிதத்தில் மட்டம்தான். ஆனால் ஒருவர் லீவு போட்டாலும் அங்கே இரண்டு பேர் மிஞ்சுவார்கள்.

ஆகவே ஒவ்வொரு பள்ளி வாசலிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, மாற்றுப்பணியில் வேறிடம் போனவர் எத்தனை என்று எழுதட்டும். கட்டட உறுதிச் சான்று வாங்கிய தேதியும் வேண்டும். 2021 டிசம்பரில் நெல்லை நகரில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகு இதைக் கேட்காத தாய் தகப்பன் இருக்க முடியாது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை எழுத்தும் கணக்கும் எவ்வளவு தெரியும் என்று பார்த்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறீர்கள். மலரில் எத்தனை பேர் என்று மட்டும் எழுதினால், பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி எப்போதும் கீழேதான் நிற்கும். ஜூனில் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பிப்ரவரிக்குள் மேலே ஏறினார்கள் என்று எழுதுங்கள். தரவரிசை வேண்டவே வேண்டாம்.

எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு இருக்கிற பிள்ளைகளும் போய்விடுவார்களே என்பீர்கள். இப்போது மட்டும் என்ன, காலையில் தனியார் பள்ளி வேன் காலியாகவா போகிறது? காலியிடம் ஊருக்குத் தெரிந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவாவது உங்களிடம் வந்து நிற்கும்.

விவரம் முழுக்க எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஏற்றுகிறவர்களும் அதே டீச்சர்கள்தான். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் சாக்பீஸே போதும், பெயிண்டர் கூலி கேட்க மாட்டோம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளையின் தாய்,
மானூர் வட்டாரம்.