ஒன்பது ஆண்டு வயிற்றுவலிக்குக் கவலையா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் மருத்துவப் பக்கத்தில், குடற்புழு குழந்தைகளின் தொல்லை என்றும், பெரியவர்களின் தீராத வயிற்றுக் கோளாறுக்கு மனக்கவலையே மூலம் என்றும் ஒரு வரி வந்திருந்தது. அதை என் அக்காவுக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது ஆண்டுகளாக இதே சொல்லைத்தான் அவர் மருத்துவர்களிடம் கேட்டு வந்திருக்கிறார்.

சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களில் கார், பிசானம் என்னும் இரு நெல் பருவங்களிலும் நடவு, களையெடுப்பு என்று வெறுங்காலோடு சேற்றில் நின்றவர் அவர். மேல்வயிற்றில் எரிச்சல், உப்புசம், விட்டுவிட்டு வரும் பேதி. அல்சர் என்றார்கள், வாயு என்றார்கள், கடைசியில் கவலையை விடுங்கள் என்றார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில், உடம்பில் புழு இருந்தால் கூடக்கூடிய ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் கூடியிருப்பது மூன்று முறை அச்சாகியிருந்தும் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. செருப்பில்லாமல் வயலில் இறங்குவீர்களா என்றும் கேட்கவில்லை. மலப் பரிசோதனையை ஒரே முறை செய்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு பார்த்த இளம் மருத்துவர், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை மலம் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவதில்தான் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் புழுவின் இளம்பருவம் தென்பட்டது. பாதத்தின் தோல் வழியே புகும் இது, குடலில் ஈன்ற குஞ்சுகளே திரும்பவும் உடலுக்குள் துளைத்துப் போவதால் பல பத்தாண்டுகள்கூட நிலைத்திருக்கும் என்றும், இருப்பது தெரியாமல் மூச்சிரைப்புக்கு, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றும் அவர் விளக்கினார். நாங்கள் கடையில் வாங்கிப் போட்ட ஒற்றைப் பூச்சி மாத்திரை இதற்குப் போதாதாம். ஐவர்மெக்டின் என்னும் புழு மருந்து கொடுத்த பிறகே அக்கா வயிறாரச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாளன்று பள்ளிப் பிள்ளைகளின் படத்தைத் தவறாமல் வெளியிடுகிறீர்கள். 1 முதல் 19 வயதுவரை அல்பெண்டசோல் என்னும் பூச்சி மாத்திரை கொடுப்பது நல்ல காரியம். ஆனால் ஐம்பது வயதில் நடவில் நிற்கும் அவர்களுடைய ஆச்சிகளைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. மலம் கலந்த மண்ணிலிருந்தே இப்புழு பரவுகிறது. வாய்க்கால் கரை அசுத்தத்தைப் பற்றி இரண்டாண்டுக்கு முன் நான் எழுதிய கடிதமும் அச்சேறவில்லை.

எல்லா வயிற்றுவலிக்கும் புழுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. கவலை என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டாமா? அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, மலப் பரிசோதனையை மூன்று நாள் செய்து பார்க்கவும், வெறுங்காலோடு வயல் வேலை செய்பவர்கள் அதை மருத்துவரிடம் தாமே சொல்லவும் ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.