பிழையில்லாமல் வாசித்த பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் தமிழ் வகுப்பில் நன்கொடை நோட்டீஸை நீ வாசித்தபோது நாங்கள் எல்லாரும் அசந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தோம். ழகரம், ளகரம் எதிலும் நாக்கு தடுக்கவில்லை. முடித்ததும் "சரி, பணம் யாருக்குப் போகிறதாம்?" என்று கேட்டேன். நீ நோட்டீஸைப் பார்த்தாய், மேலே ஓடாமல் நின்ற விசிறியைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாய். வீட்டுக்குப் போய் "எனக்குத் தமிழ் வராது, இனிமேல் போகமாட்டேன்" என்று அண்ணனிடம் சொன்னாயாமே. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப் போன்ற பிள்ளைகள் பர்மாவில் யாங்கோனிலும் மோல்மீனிலும் நிறையப் பேர் இருப்பதால் எல்லாரும் படிக்கும்படி பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உனக்குத் தமிழ் வராமல் இல்லை. எழுத்துக் கூட்டுவது ஒரு வேலை, விளங்கிக்கொள்வது இன்னொரு வேலை. 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. ஒன்று சைபர் என்றால் விடையும் சைபர். உன் முதல் எண்ணில் குறையே இல்லை. ஆனால் டியூஷனில் பக்கம் பக்கமாக உரக்கச் சொல்லி நெட்டுருப் போட்டே வளர்ந்தவள் நீ. வாய் ஓடினால் போதும், மனசு கூடவே ஓட வேண்டும் என்று யாரும் உன்னைக் கேட்டதில்லை.

நோட்டீஸில் இருந்த அந்த வாக்கியத்தை இங்கே எடுத்துப் போடுகிறேன்: "கோயில் திருப்பணிக்காகக் கடந்த ஆண்டு வசூலிக்கப்பட்ட நன்கொடையில் மீதமிருக்கும் தொகை, அடுத்த கூட்டத்தில் எடுக்கப்படும் முடிவின்படி, படிப்புதவி கோரும் மாணவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும்."

எழுதியவரை நான் பாராட்டமாட்டேன். இதையே மூன்று வாக்கியமாக எழுதியிருக்கலாம். ஆனால் நோட்டீஸ் எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள், நாம்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். நேரே கடைசிச் சொல்லுக்குப் போ. பகிர்ந்தளிக்கப்படும். அதைப் பிரி: பகிர்ந்து, அளிக்கப்படும். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் "பிரிச்சுக் குடுப்பாங்க". எதைப் பிரித்து? தொகையை. யாருக்கு? மாணவர்களுக்கு. எலும்பு கிடைத்துவிட்டதா? இனி சதையைப் போர்த்து. எந்தத் தொகை? நன்கொடையில் மிஞ்சியது. எந்த நன்கொடை? போன வருஷம் வசூலித்தது. எந்த மாணவர்கள்? உதவி கேட்டவர்கள். கூட்டம், முடிவு என்று காற்புள்ளிகளுக்கு நடுவில் இருப்பதைக் கடைசியாகச் சேர்த்துக்கொள். அது கிடைத்த பிறகுதான் தெரியும், பணம் இன்னும் யாருக்கும் உறுதியாகவில்லை என்று. படிப்புதவி கேட்டு நீயும் எழுதிப் போட்டிருக்கிறாய், அதனால் இது உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இந்த வித்தைக்கு உன் பர்மியமே கைகொடுக்கும். பர்மியத்திலும் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. "அம்மா வாங்கிய மீன்" என்று நாம் சொல்வதைப் போல அவர்களும் வாங்கிய கதையை முன்னால் சொல்லி மீனைப் பின்னால் வைப்பார்கள். அவர்கள் எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அதை உன் கண் தானாகவே வெட்டிப் படித்துவிடுகிறது, ஆனால் தமிழில் நான்கு சொல் ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டும் மிரள்கிறாய். (நானும் "நினைவேந்தல்" என்பதை ரொம்ப நாள் "நினை வேந்தல்" என்றுதான் படித்தேன். யாரோ ஒரு ராஜா என்று நினைப்பு.) பாடப்புத்தகத்தில் 'தி' என்று முடியும் பர்மிய வாக்கியம் கடைத்தெருவில் 'தெ' என்று முடிவது உனக்குப் பழகிப்போனது. தமிழிலும் எழுத்து நடை வேறு, பேச்சு வேறு. ஒவ்வொரு பத்தியையும் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிச் சொல்லிப் பார். மாற்ற முடியாத இடத்தில்தான் உனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

எனக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது தெரியுமா? கைநாட்டு வைக்கும் அப்பாயி, என் அப்பாவின் அம்மா.

1965-இல் தமிழ்ப் பள்ளிகள் உட்படத் தனியார் பள்ளிகளைப் பர்மிய அரசு எடுத்துக்கொண்டது. நான் அதற்குப் பிறகு பிறந்தவள், அப்பா சிலேட்டில் எழுதிக் காட்டியதுதான் எனக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். பன்னிரண்டு வயசில் ஊரிலிருந்து வரும் கடிதங்களை அப்பாயிக்கு நான்தான் வாசிப்பேன். ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது: "நிலத்தை விற்க வேண்டாமென்று தடுத்தவர்களை எதிர்த்துப் பேசிய சித்தப்பா பக்கம்தான் நாங்களும் நிற்கிறோம்." உன்னைப் போலவே கணீரென்று வாசித்தேன். "என்னடி எழுதியிருக்கான்?" என்றாள். "நிலத்தை விற்க வேண்டாமாம்" என்றேன். அவளுக்கு உயிர் வந்தது. அன்றைக்கு எனக்கு மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெரியவர் அதே கடிதத்தை வாசித்து, நிலம் கைவிட்டுப் போகப்போகிறது என்று சொன்னார். அப்பாயி என்னைத் திட்டவில்லை. அடுத்த கடிதத்திலிருந்து ஒவ்வொரு வரிக்கும் கையைக் காட்டி நிறுத்தினாள். "இரு. இதை யாரு சொன்னது? யார்கிட்ட? அவன் என்ன பதில் சொன்னான்?" பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. ஒரு பக்கக் கடிதத்துக்கு அரை மணி நேரம் ஆகும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அதற்கப்புறம் நான் ஒரு கடிதத்தையும் தலைகீழாகப் புரிந்துகொண்டதில்லை.

சொல் தெரியவில்லையே என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. வரிக்கு வரி போனில் அகராதியைத் தேடாதே. பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போ. பத்தி முடிவதற்குள் சில சொற்கள் தாமாகவே பிடிபடும். திரும்பத் திரும்ப வந்து வழி மறிக்கிற சொல்லை மட்டும் தேடு. பக்கம் முழுக்கப் புள்ளியாக இருந்தால் தப்பு உன்னுடையதல்ல, அந்தப் புத்தகத்தை நீ படிக்க இன்னும் காலம் வரவில்லை. ஆங்கிலம் கற்பவர்களை வைத்து 2000-இல் ஹூ, நேஷன் இருவரும் செய்த ஆய்வு, துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க நூற்றுக்குச் சுமார் 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்றது. நீ எடுத்த எடுப்பில் ஐந்து பாகச் சரித்திர நாவலைத் தூக்கினாய். அதை அலமாரியில் வை, ஓடிப்போகாது. சிறுவர் கதை படிக்க வெட்கமாக இருந்தால் அட்டை போட்டுக்கொள்.

கலர் பேனாவால் கோடு போடுவதை மட்டும் விட்டுவிடு. உன் வரலாற்றுப் புத்தகத்தைப் பார்த்தேன், கோடு போடாத வரியைத் தேட வேண்டியிருந்தது.

அதற்குப் பதிலாகப் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைச் சொல்லிப் பார். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது பவணந்தி முனிவர், கேட்டதை நினைத்துப் பார்ப்பது, கூடப் படிப்பவர்களோடு பழகிப் பயில்வது, கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்று அடுக்குகிறார். இரண்டு முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் எடுத்துச் சொல்ல வரும் என்றும் கணக்குச் சொல்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டீஸை எடுத்துவராதே. அதில் இருந்ததைப் பின்வரிசைப் பொடியன்களுக்கு நம் வீட்டுப் பேச்சிலேயே சொல்லு. அவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள், அந்தப் பயல்களும் ஒரு வகையில் அப்பாயிதான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறக்கமாட்டேன்.

அப்புறம், என் பென்சில் உன் பையிலேயே போய்விட்டது. மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
அத்தை