வெள்ளைச் சுவரும் ஒன்றரை லிட்டர் ரத்தமும்

அம்மாடி,

லண்டன் ஓவியக் கேலரியில் நீ எடுக்கப்போகும் கொலைப் படத்தின் ஸ்கிரிப்டை இரண்டு தடவை படித்துவிட்டேன். மூன்றாவது கொலைதான் படத்தின் உயிர். கேலரியின் நடுவில் அந்தப் பெண் விழுந்து கிடக்கிறாள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் வைன் கோப்பையோடு சுற்றி நின்று, இதுவும் ஒரு படைப்பு என்று தலையாட்டுகிறார்கள். அந்தப் பத்து நொடியைச் சரியாக எடுத்துவிடு, மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

டான் கில்ராய் 2019-இல் எடுத்த 'வெல்வெட் பஸ்ஸா'விலும் கேலரிக்குள் செத்துக் கிடப்பவரைக் காட்சிப் பொருள் என்றுதான் நினைக்கிறார்கள். அதற்கு அறுபது வருஷம் முன்னால், 1959-இல், ரோஜர் கோர்மன் 'எ பக்கெட் ஆஃப் பிளட்' படத்தை ஐந்தே நாளில் எடுத்தார். அதில் செத்த பூனைமேல் களிமண் பூசியவனைச் சிற்பி என்று கொண்டாடுவார்கள். யோசனை பழையதுதான், அதற்காகக் கவலைப்படாதே. அந்தக் கூட்டம் ஏமாறுவதை நாம் நம்பவேண்டும், அவ்வளவுதான். லண்டனில் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மார்க் க்வின் என்ற கலைஞர் 1991-இல் தன் உடம்பிலிருந்து எடுத்த சுமார் 4.5 லிட்டர் ரத்தத்தை உறையவைத்துத் தன் தலையையே வார்த்த ஊர் அது. அங்கே கேலரிக்குப் போய்ப் பழகியவர்கள் தரையில் ரத்தத்தைக் கண்டதும் அலறமாட்டார்கள், படைப்பின் பெயரட்டை எங்கே என்று சுவரைப் பார்ப்பார்கள். அதனால் பக்கத்துச் சுவரில் வேறொரு படைப்பின் பெயரட்டை ஒன்று இருக்கட்டும். ஒருத்தி குனிந்து அதைப் படிக்கட்டும். வசனமே வேண்டாம்.

இனி செயற்கை ரத்தம். அதற்கு வழக்கமாகச் சொல்லும் கார்ன் சிரப்பை அங்கே தேடி அலையாதே. கேக் சாமான் கடையில் குளுக்கோஸ் சிரப் கிடைக்கும். அது கெட்டி, அதனால் 1 லிட்டருக்கு 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். சிவப்பு ஜெல் கலர் 2 டீஸ்பூன், மஞ்சள் அரை டீஸ்பூன், நீலம் இரண்டே சொட்டு. இதோடு நிறுத்தினால் வெள்ளைத் தரையில் ரோஸ் மில்க் சிரப் கொட்டினமாதிரிதான் இருக்கும். மெல்லியதாகப் பரவும் இடத்தில் வெளிச்சம் ஊடுருவி இளஞ்சிவப்பாகிவிடும். கோகோ பவுடர் 1 டேபிள்ஸ்பூன் சேர், அதுதான் ஒளியை மறைக்கும். நேரே கொட்டினால் கட்டி கட்டும், முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக்கொள். துணியில் படுவதற்குத் தனியாக எடுத்து, லிட்டருக்கு 1 டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் பரவவும் செய்யும், துவைக்கவும் சுலபம். அந்த பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டு. வாய்க்கும் கண்ணுக்கும் அது போகவே கூடாது.

அடர்த்தியில் மூன்று பாட்டில் வை: புதுசு, பத்து நிமிஷம் ஆனது, ஒரு மணி நேரம் ஆனது. நிஜ ரத்தம் நேரமாக ஆகக் கறுக்கும், ஓரம் முதலில் காயும். கடைசி பாட்டிலில் கோகோவை இரட்டிப்பாக்கு. போலீஸ் வரும் காட்சியில் பளபளவென்று புது ரத்தம் கிடந்தால் பார்க்கிறவர்கள் படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தாய். 1 லிட்டர் திரவம் 1 மில்லிமீட்டர் கனத்தில் 1 சதுர மீட்டரை நிரப்பும். சிரப் அதைவிடக் கனமாக நிற்கும். ஒரு டேக்குக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள், ஐந்து டேக்குக்கு 7.5. மீதி ஃபிரிட்ஜில் இருக்கட்டும், வெளியே வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

நீ எழுதியிருக்கிற அந்த ஒரு வரி, ரத்தம் மெதுவாக ஒருவரின் ஷூ பக்கம் போகிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெயின்ட் கிடந்த இடத்தில் கிடக்கும், இது நகர்கிறது. அந்த நகர்வில்தான் கூட்டத்துக்கு உறைக்கவேண்டும். ஆனால் கேலரித் தரை மட்டமானது, ஊற்றினால் வட்டமாகப் பரவி அப்படியே நின்றுவிடும். ப்ளைவுட் பலகை போட்டு, 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வீதம் ஒரு பக்கம் ஆப்பு வைத்துத் தூக்கு. மேலே தரை நிறத்திலேயே வினைல் ஷீட். கேமராவைத் தாழ வைத்தால் சரிவு தெரியாது. போகும் பாதையில் ஈர ஸ்பாஞ்சால் ஒரு கோடு இழுத்துவிடு, திரவம் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு போகும். வேகம் போதாவிட்டால் சரிவைக் கூட்டாதே, தண்ணீரை 50 மில்லி கூட்டு. நிஜத் தரையில் ஒரு சொட்டும் படக்கூடாது. பூச்சில்லாத கான்கிரீட் சாயத்தைக் குடித்துவிடும், பிறகு எதற்கும் போகாது.

சுவரும் அப்படித்தான். கேலரி வெள்ளை மேட் பெயின்ட், துடைத்தால் கறை இன்னும் பரவும். 8-க்கு 4 அடி எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை மூன்றில் அதே வெள்ளை அடித்து நிஜச் சுவருக்கு முன்னால் நிறுத்து. தெறிக்கும் ஷாட்டுக்கு ஒரு டேக், ஒரு பலகை.

கழுத்துக் காயத்துக்கு டிரிப்ஸ் ட்யூபும் 60 மில்லி சிரிஞ்சும் போதும். ரத்தம் நுனிவரை வந்த பிறகே ஆக்‌ஷன் சொல். நடுவில் காற்று இருந்தால் குமிழி வெடித்துத் துப்பும். ட்யூபுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்.

கத்தி மூன்று வேண்டும். மேஜைமேல் தனியாகக் காட்ட நிஜக் கத்தி, தூர ஷாட்டுக்கு முனை மழுங்கிய அலுமினியம், உடம்பருகே வருவதற்கு ரப்பர். நிஜக் கத்தியின் பெட்டிச் சாவி ஒரே ஆளிடம் இருக்கவேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அந்த நடிகையே ரப்பர் கத்தியைக் கையில் வாங்கி வளைத்துப் பார்க்கட்டும். இதை மட்டும் அப்பாவுக்காகச் செய்.

ஸ்கிரிப்டில் இரண்டு திருத்தம். கொலைகாரன் ஓவியத்தை ஒரே இழுப்பில் பிடுங்குகிறான். முக்கியமான ஓவியங்களைத் திருகிப் பூட்டித்தான் மாட்டுவார்கள், தனிச் சாவி இல்லாமல் வராது. அந்தச் சாவி படைப்புகளை மாட்டி இறக்கும் பணியாளரிடம் இருக்கும். உன் கொலைகாரன் அவர்களில் ஒருவனாக இருக்கலாமே? யாரும் முகம் பார்க்காத ஆள், எல்லாக் கதவும் திறக்கும். இரண்டாவது, கண்ணாடிச் சிற்பத்தைப் பருத்திக் கையுறையோடு தூக்குகிறான். துணி வழுக்கும், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான் போடுவார்கள். கைரேகையும் விழாது, உன் இன்ஸ்பெக்டருக்குச் சரியான தலைவலி.

ஒரு சின்ன விஷயம். அங்கே பழைய திகில் படங்களில் ஓடிய செயற்கை ரத்தத்துக்குக் கென்சிங்டன் கோர் என்று பேர். ராயல் ஆல்பர்ட் ஹால் இருக்கிற தெருவின் பேரும் அதேதான். தெருவின் 'கோர்' முக்கோண நிலத்துண்டைக் குறிப்பது, ஆனால் ஆங்கிலத்தில் 'கோர்' என்றால் சிந்திய ரத்தம் என்றும் பொருள், கேட்கிறவர் காதில் ரத்தமாக விழுகிறது. உன் ஓவியனுக்குப் பட்டப்பேர் தேடிக்கொண்டிருந்தாயே, எடுத்துக்கொள்.

கேலரித் தரையை விளக்கு வெளிச்சத்தில் நாலு போட்டோ எடுத்து அனுப்பு. வினைல் எந்த நிறம் வாங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா