நம் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் ரசிகர் மன்றத்தின் ஆண்டறிக்கை – 2025

மன்றத் தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், பொங்கல் வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை மன்றம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் உறுப்பினர் கணக்கு. ஆண்டின் தொடக்கத்தில் 58 பேர் இருந்தோம். இருவரை இழந்தோம். 14 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆக இன்று 70 பேர். புதியவர்களில் 9 பேர் பெண்கள். நம் பதிவேட்டில் இதற்கு முன் ஒரு பெண்ணின் பெயர்கூட இருந்ததில்லை. இது எப்படி நடந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். இந்த ஆண்டின் பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு மாலை, மண்டபத்து மாடியில் நடந்தன. மே மாதம் மட்டும் இல்லை. அந்த ஞாயிறு 11ஆம் தேதி, சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு எதிர்சேவை. அன்றைக்கு மதுரையில் யாரைக் கூட்டத்துக்கு அழைப்பது? ஜூலையில் ஒரு சிறப்புக் கூட்டம் சேர்ந்ததால் மொத்தம் 12 கூட்டங்கள் என்ற கணக்கு குறையவில்லை.

கூட்டம் நடத்தும் முறையைச் சென்ற பொதுக்குழுவில் மாற்றினோம். அதுவரை என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நடிகர் திலகத்தைப் போல இனி ஒருவர் பிறக்க முடியாது என்று நாலு பேர் பேசுவோம், கைதட்டுவோம், எந்தப் படம் எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்று விவாதிப்போம், டீ குடித்துவிட்டுக் கலைவோம். இந்த ஆண்டு முதல் ஒரு படம், ஒரு காட்சி என்று வைத்துக்கொண்டோம். முறை வரும் உறுப்பினர் தனக்குப் பிடித்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்ட வேண்டும். அதில் தான் எதைப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ‘பிரமாதம்’, ‘சூப்பர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரக்கூடாது. தொடக்கத்தில் பலர் தயங்கினார்கள். பிப்ரவரியில் ஒருவர் எழுந்து நின்று, “எனக்குப் பிடிச்சிருக்கு, ஏன்னு தெரியல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதே உறுப்பினர் டிசம்பரில் கால் மணி நேரம் பேசினார்.

மார்ச் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ‘தில்லானா மோகனாம்பாள்’ எடுத்துக்கொண்டோம். 1968இல் வந்த படம். அதில் சிக்கல் சண்முகசுந்தரமாக நடிகர் திலகம் வாசிக்க, நாம் கேட்கிற நாதஸ்வரம் நம் ஊர் வித்வான்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. அதனால் மதுரைக்காரர்களுக்கு அந்தப் படத்தில் இரட்டைச் சொந்தம். நம் பொருளாளரின் தெருவில் இருக்கும் ஒரு நாதஸ்வரக் கலைஞரை அழைத்து வந்தோம். கோவில்களிலும் கல்யாணங்களிலும் நாற்பது வருடமாக வாசிப்பவர். வாத்தியத்தோடு வந்தார். ‘நகுமோமு’ வாசிக்கும் காட்சியைப் போட்டோம். முதல் தடவை ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். இரண்டாம் தடவை திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பிறகு திரும்பி, “விரல் சுரத்துக்குச் சரியா விழுதான்னு எல்லாரும் பார்ப்பாங்க. நான் மூச்சு எங்க வாங்குறார்னு பார்த்தேன். பாட்டு மூச்சு விடுற இடத்துலதான் அவரும் வாங்குறார்” என்றார்.

அதற்குப் பின் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை எடுத்து எச்சிலில் நனைத்து, வாத்தியத்தில் பொருத்தி, சும்மா ஊதிக் காட்டினார். கன்னம் எப்போது உப்பும், கழுத்து எப்போது இறுகும், நீண்ட சுரத்தை நிறுத்துவதற்கு முன்னால் கண்கள் எப்படிச் சுருங்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மூன்றாம் தடவை காட்சியைப் போட்டபோது மாடியில் சத்தமே இல்லை. படம் வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களும் அன்றைக்குத்தான் அந்தக் கழுத்தைப் பார்த்தார்கள். ஒரு கலைஞனை உயர்த்திப் பேசுவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து ஜூலை. 14ஆம் தேதி திங்கட்கிழமை, பெங்களூரில் சரோஜாதேவி அம்மையார் தமது 87ஆம் வயதில் காலமானார். நடிகர் திலகத்தின் 24ஆம் நினைவு நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்து 20ஆம் தேதி ஞாயிறு சிறப்புக் கூட்டம் வைக்க முடிவு செய்தோம். எம்.ஜி.ஆர். படங்களிலும் அம்மையார் நடித்தவர். ஆகவே பக்கத்துத் தெரு எம்.ஜி.ஆர். மன்றத்தாரையும் அழைக்கலாம் என்று துணைத்தலைவர் சொன்னார். இதற்கு எதிர்ப்பு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. சுவரொட்டி ஒட்டும் இடத்துக்காகச் சண்டை போட்ட காலம் இரண்டு பக்கமும் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் வந்தார்கள், மாலையோடு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர், ‘நாடோடி மன்னன்’ கருப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு மாறியதும் அம்மையார் வருவதையும், 1958இல் அதைப் பார்த்த பையன்களுக்கு அந்த நிறமும் அந்த முகமும் ஒன்றாகவே நினைவில் நின்றுவிட்டதையும் சொன்னபோது நம் ஆட்களும் கைதட்டினார்கள்.

கூட்டத்துக்கு உறுப்பினர்கள் குடும்பத்தோடு வரலாம் என்று அறிவித்திருந்தோம். வீட்டுப் பெண்கள் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ‘புதிய பறவை’யின் கடைசிக் காட்சியை நான் எடுத்திருந்தேன். அதில் கோபாலாக வரும் நடிகர் திலகத்தின் முகத்தைப் பற்றிப் பேசக் குறிப்பும் வைத்திருந்தேன். நான் தொடங்குவதற்குள் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, “தம்பி, ஒரு நிமிஷம். நீங்க எல்லாரும் இவ்வளவு நாளா கோபாலைத்தான் பார்த்தீங்க. லதாவைப் பாருங்க” என்றார்.

அவர் சொன்னது இதுதான். லதா போலீஸ் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அது தெரிந்தபின் படத்தை முதலிலிருந்து பார்த்தால், காதலிப்பதுபோல நடிக்கும் ஒரு பெண்ணாக சரோஜாதேவி நடித்திருக்கிறார். அந்த நடிப்புக்குள்ளேயே அவளுக்கு உண்மையான காதலும் வந்துவிடுகிறது. மூன்றையும் ஒரே முகத்தில் வைக்க வேண்டும். மிமிக்ரி மேடைகளில் எல்லோரும் கேலி செய்யும் அந்தக் ‘கோபால்’ என்ற அழைப்பு, படம் நெடுக ஒரே மாதிரி வருவதில்லை. நடுவில் ஓரிடத்தில் அவர் கூப்பிட்டுவிட்டு, கோபால் திரும்புவதற்கு முன் ஒரு கணம் பார்வையைத் தாழ்த்துகிறார். ஆசிரியை அந்த இடத்தை மூன்று தடவை போடச் சொன்னார். பார்த்தோம். என் குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

1955இல் கன்னடத்தில் தொடங்கி, தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் நடித்து, 1969இல் பத்மஸ்ரீயும் 1992இல் பத்மபூஷணும் பெற்ற ஒருவரை நாம் ‘கன்னடத்துப் பைங்கிளி’ என்று செல்லமாக அழைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். சாவித்திரி, பத்மினி, சௌகார் ஜானகி எல்லோருக்கும் நாம் செய்தது இதுதான். நடிகர் திலகத்தின் பெரிய காட்சிகளில் பாதிக்கு மேல் எதிரே ஒரு நடிகை நின்றிருக்கிறார். அவர் கொடுத்ததை வாங்கித்தான் இவர் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பாதியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். அவர்களை நாம் அழைக்கவில்லை. செயலாளர் என்ற முறையில் இதில் என் பொறுப்பையும் ஏற்கிறேன். மறு மாதமே 9 பேர் சந்தா கட்டிச் சேர்ந்தார்கள். ஆசிரியை அம்மாவை நிர்வாகக் குழுவில் சேர்க்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. ஒருமனதாக நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

சரோஜாதேவி அம்மையாரின் கண்கள் தானம் செய்யப்பட்டன என்ற செய்தியையும் அந்தக் கூட்டத்தில் வாசித்தோம். அன்றே 23 பேர் கண்தான உறுதிமொழிப் படிவம் நிரப்பினார்கள். முதல் கையெழுத்து நம் வாட்ச் ஐயா போட்டது.

வாட்ச் ஐயா செப்டம்பரில் நம்மை விட்டுப் போனார். 82 வயது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஐம்பது வருடம் கடிகாரம் பழுது பார்த்தவர். மதுரைத் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தபோது ஒன்பது வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனவர். அந்தத் தியேட்டரும் இப்போது இல்லை. அவர் மறைந்த அன்று விடியற்காலை மகன் எனக்குப் போன் செய்வதற்கு முன்பே கண் வங்கிக்குச் சொல்லிவிட்டார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதை ஐயாவே வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாராம். மின்விசிறியை நிறுத்த வேண்டும், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. வயதானவர்கள், கண்ணாடி போட்டவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள் கொடுக்க முடியாது என்று நம்மில் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். கொடுக்கலாம். படிவம் என்னிடம் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவர் மகன் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து மன்றத்துக்குக் கொடுத்தார். 1961 முதல் ஐயா எழுதியது. கணக்குப்பிள்ளைகள் வைத்திருக்கும் சிவப்பு முதுகு நோட்டு. ஒவ்வொரு வரியிலும் படம், தியேட்டர், எத்தனையாவது தடவை, கடைசியில் நாலைந்து சொல். சில பக்கங்களில் டிக்கெட்டின் கிழித்த பாதி ஒட்டியிருக்கிறது, பசை பழுத்து மஞ்சளாகியிருக்கிறது. ‘பாசமலர்’ ஐந்தாம் தடவை: “இன்றைக்கு அழவில்லை. கையைப் பார்த்தேன்.” ‘தேவர் மகன்’: “வயது முகத்தில் இல்லை, நடையில்.” 2012இல் ‘கர்ணன்’ புதுப்பித்து வந்தபோது: “பக்கத்து சீட்டில் காலேஜ் பையன். இடைவேளையில் டீ வாங்கிக் கொடுத்தான்.” நாம் இந்த ஆண்டுதான் கண்டுபிடித்ததாக நினைத்த முறையை அவர் அறுபது வருடமாகத் தனியாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. இளைய உறுப்பினர்கள் இருவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, தட்டச்சும் செய்து வருகிறார்கள். இதுவரை 40 பக்கம் முடிந்திருக்கிறது.

இந்த ஆண்டு இழந்த மற்றொருவர் நம் முன்னாள் பொருளாளர். இருவருக்கும் அக்டோபர் கூட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம்.

அக்டோபர் 1, நடிகர் திலகத்தின் 97ஆவது பிறந்தநாள், இம்முறை சரஸ்வதி பூஜையன்றே வந்தது. படத்துக்கு மாலை சாத்தி, பக்கத்தில் ‘அபிநய சரஸ்வதி’ சரோஜாதேவி அம்மையாரின் படத்தையும் வைத்தோம். பொரி, சுண்டலோடு மதியம் அன்னதானம் நடந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகங்கள் கொடுத்தோம். ஃபிளெக்ஸ் வைப்பதில்லை என்ற தீர்மானத்தை இந்த ஆண்டும் கடைப்பிடித்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாக: முன்னிருப்பு 8,450 ரூபாய், சந்தா 63 பேரிடம் 18,900, நன்கொடை 14,000, மொத்தம் 41,350. செலவு: அன்னதானம் 12,500, நோட்டுப் புத்தகங்கள் 9,600, மாடி வாடகை 6,000, புரொஜெக்டர் பழுது 3,200, மாலை, டீ முதலியவை 4,150, மொத்தம் 35,450. கையிருப்பு 5,900. ஏழு பேர் சந்தா பாக்கி. அப்புறம் அந்தப் புரொஜெக்டர், நவம்பரில் படம் பாதியில் நின்று, எல்லோரும் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நின்று பார்த்தோம். பழுது பார்த்தும் நிறம் சரியாக வரவில்லை. புதிது வாங்காமல் இந்த முறையைத் தொடர முடியாது. தனி நிதி திரட்ட அனுமதி கேட்கிறேன்.

2028 அக்டோபர் 1 நடிகர் திலகத்தின் நூற்றாண்டு. சிலை, ஊர்வலம், பெரிய மேடை என்று பல யோசனைகள் வந்திருக்கின்றன. என் வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதில் தான் கண்டதை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். 70 பேர், 70 பக்கம். வாட்ச் ஐயாவின் நோட்டோடு சேர்த்துப் புத்தகமாக அச்சிடலாம். எழுத வராதவர்கள் சொன்னால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.

மாடியைக் குறைந்த வாடகைக்குத் தந்த மண்டப உரிமையாளருக்கும், மார்ச் கூட்டத்துக்கு வந்த நாதஸ்வரக் கலைஞருக்கும், ஜூலையில் வந்த எம்.ஜி.ஆர். மன்றத்தாருக்கும், மாதாமாதம் நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி. அடுத்த கூட்டம் பிப்ரவரி 8, ஞாயிறு மாலை 5 மணி. காட்சியைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியை அம்மா. படம் ‘நவராத்திரி’. ஒன்பது வேடத்தையும் விட்டுவிட்டு சாவித்திரியை மட்டும் பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்
மதுரை, 11.1.2026