1917 சட்டத்தில் ஒரு நிபந்தனையை மாற்றுங்கள்: வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒலிம்பியாவில் கூடும் சட்டமன்ற உறுப்பினர்களே,

வணக்கம். முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கப்போகிறது என்ற நிலையில், 1917 ஜனவரியில் பியர்ஸ் கவுன்டி மக்கள் ஓட்டுப்போட்டு 20 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். சுமார் 70,000 ஏக்கர் வாங்கி இராணுவத்துக்கு இனாமாகக் கொடுக்கத்தான் அந்தப் பணம். கவுன்டி அப்படி நிலத்தைக் கட்டாயமாக எடுக்கவும் கொடுக்கவும் அதிகாரம் தந்து சட்டம் போட்டது உங்கள் மன்றம். அப்படி எழுந்ததுதான் கேம்ப் லூயிஸ் என்ற இராணுவ முகாம்.

எடுத்தது விலைக்கு வாங்கிய பண்ணைகளை மட்டுமல்ல. 1917 குளிர்காலத்தில் இராணுவம் நிஸ்குவாலி பழங்குடியினரின் நிலத்துக்குள் வந்து, முன்னறிவிப்பே இல்லாமல் வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. ஆற்றில் சால்மன் பிடித்து, மேட்டுப் புல்வெளியில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்த குடும்பங்கள் அவை. பிறகு கவுன்டி வழக்குப் போட்டு, அவர்களுக்கென்று அரசு ஒதுக்கியிருந்த நிலத்தில் ஏறக்குறைய 3,300 ஏக்கரை, அதாவது மூன்றில் இரண்டு பங்கை, எடுத்துக்கொண்டது. அவர்களுடைய பழைய தலைவர் லெஸ்சையின் எலும்புகளைக்கூட அந்த வருடம் தோண்டி டகோமாவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று, செத்தவரையும் விடவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இராணுவம் என்றைக்காவது அங்கே நிரந்தர முகாம் வைத்திருப்பதை விட்டுவிட்டால் நிலம் கவுன்டிக்கே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்த இனாம் கொடுக்கப்பட்டது. அந்த 70,000 ஏக்கரில் மற்றதைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் நிஸ்குவாலி மக்களிடமிருந்து எடுத்த ஏக்கர்கள் ஏன் கவுன்டிக்குப் போக வேண்டும்? அவை நிஸ்குவாலி மக்களுக்கே திரும்பும் என்று சட்டத்தில் எழுதுங்கள். தளம் எங்கே மூடப்போகிறது என்று சிலர் சொல்வார்கள். சரி, மூடாமலே இருக்கட்டும், அப்போது இந்தத் திருத்தத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பிற்பாடு நாடாளுமன்றம் நஷ்டஈடு கொடுத்துவிட்டதே என்றும் சொல்வார்கள். விற்கச் சம்மதிக்காதவர் கையில் காசைத் திணித்தால் அது விற்பனை ஆகிவிடாது.

2021-ல் நிஸ்குவாலி மீன்பிடி உரிமைப் போராளி பில்லி ஃபிராங்க் ஜூனியரின் சிலையை வாஷிங்டன் டி.சி. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அனுப்பச் சட்டம் இயற்றியது நீங்கள்தான், அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவருடைய அப்பா வில்லி ஃபிராங்கும் அந்த முகாமுக்காக நிலத்தை இழந்தவர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஆறு ஏக்கர் வாங்கிக் குடியேறினார், அங்கிருந்துதான் மகன் மீன்பிடி உரிமைக்குப் போராடிச் சிறைக்குப் போனார். சிலைக்குச் சட்டம் போட்ட நீங்கள் இதையும் செய்யுங்கள். மசோதா எழுதும் முன் நிஸ்குவாலி பழங்குடி மன்றத்தைக் கூப்பிட்டு, அவர்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பியர்ஸ் கவுன்டியில் வசிக்கும் ஒரு தமிழ் வாக்காளர்